ஏர்பிரஷ் முனையில் பெயிண்ட் காய்ந்துவிடுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். 1:35 அளவிலான (அசலில் 35-இல் ஒரு பங்கு) போர்வீரர் மாதிரி உருவம் ஒன்றுக்கு 0.3 மி.மீ. முனை கொண்ட ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) அக்ரிலிக் பெயிண்ட் அடித்து வருகிறேன். அடிப்பூச்சான பிரைமர் சீராகப் படிந்துவிட்டது. ஆனால் முகத்துக்குத் தோல் நிறம் அடிக்கத் தொடங்கிய இரண்டு மூன்று நிமிடங்களிலேயே ஏர்பிரஷின் ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்து சிறு பொருக்காக ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது திடீரெனத் தெறித்து, கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்துவிடுகிறது. பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் அடிக்கிறேன். இன்னும் நீர்க்கக் கரைத்தால் மூக்கோரத்தில் சிலந்திக்கால்போல் ஓடிவிடுகிறது. உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை எந்த அளவில் சேர்க்கலாம்? கண்குழியின் நிழலை ஏர்பிரஷிலேயே முடிப்பீர்களா, தூரிகைக்கு மாறிவிடுவீர்களா? பல வாரம் உழைத்த உருவம் இது. அந்த முகத்தில் உயிர் தெரிய வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.