ஹெட்ரூமுக்கு ‘கரைமிச்சம்’ பொருந்துமா?

மஞ்சக்குப்பம், கடலூர்

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். நம் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) கையேட்டில் ‘ஹெட்ரூம்’ என்ற ஆங்கிலச் சொல் இன்னும் அப்படியே நிற்கிறது. முன்பு வந்த ‘தலையிடம்’ பொருளைச் சொல்லவில்லை. நாம் வாசிக்கும் அளவுக்கும், ஆம்ப்பின் ஒலி தெளிவு கெடத் தொடங்கும் அளவுக்கும் நடுவே எவ்வளவு மீதி இருக்கிறது என்பதுதான் சங்கதி. வீராணமோ பாகூர் ஏரியோ, ஐப்பசி மழையில் ஊரே போய்ப் பார்ப்பது தண்ணீருக்கு மேல் கரை எவ்வளவு மிச்சம் என்பதைத்தான். அதனால் ‘கரைமிச்சம்’ என்கிறேன்.

சோதித்துப் பார்க்கவும் சுலபம். கெய்னைக் (ஆம்ப்பின் முதல் கட்டப் பெருக்கத்தை) குறைத்து, கிட்டாரின் வால்யூமை 10-இல் வைத்து, ஈ கார்டை ஓங்கி அடித்தபடி ஆம்ப்பின் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அடியின் முனை எங்கே கரகரக்கத் தொடங்குகிறதோ, அங்கே கரைமிச்சம் தீர்ந்தது.

லாசுப்பேட்டை, புதுச்சேரி

> அங்கே கரைமிச்சம் தீர்ந்தது

ஐயா, சொல் அழகு. ஆனால் இரண்டு தடைகள். காதால் கேட்பவருக்கு ‘கறை’ என்று விழும். அதைவிடப் பெரியது, ஏரி நிறைந்தால் தண்ணீர் கரைமேல் ஏறாது, முதலில் கலங்கல் வழியாகத்தான் போகும்.

கலங்கலில் மெல்ல வழிவதற்கும் கரை சட்டென உடைவதற்கும் உள்ள வேறுபாடு ஆம்ப்பிலும் அப்படியே உண்டு. வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் ஒலியலையின் முகடு மெல்ல மழுங்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பை எல்லை தாண்டி ஓட்டினால் முகடு சட்டென வெட்டுப்படும், அதனால் காதைக் கீறும் உயர் ஒத்திசைவுகள் பெருகும். வால்விலும் எல்லாம் ஒன்றல்ல. எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிப் பிசகைக் குறைக்கும் முறை) இல்லாத 30 வாட் வாக்ஸ் ஏசி30 சீக்கிரமே, மெதுவாக மழுங்கத் தொடங்கும். 85 வாட் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் நெடுநேரம் தெளிவாகவே நிற்கும்.

ஆகவே மெல்ல மழுங்குவதை ‘கலங்கல்’ என்போம். வழிந்தோடும் இடமும் கலங்கல், தெளிவு கெட்ட நீரும் கலங்கல். ஆம்ப்பை எல்லை தாண்டி ஓட்டும் ஓவர்டிரைவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. வெட்டுப்படுவதை ‘உடைப்பு’ என்போம்.

மஞ்சக்குப்பம், கடலூர்

கலங்கலை முழுமனதோடு ஏற்கிறேன் அம்மா. கலங்கல் மட்டத்திலிருந்து அளப்பது என்று கையேட்டில் திருத்திவிடுகிறேன். கறை, கரை குழப்பம் எழுத்தில் இல்லை, சொல் அப்படியே இருக்கட்டும்.

பேண்டில் இதன் பயனையும் சேர்க்க வேண்டும். வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரே வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி அதே ஓம் (மின்தடை) உள்ள, 100 டெசிபல் தரும் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்ப்பை மாற்றாமலே அந்த 3 டெசிபல் வந்துவிடும்.

கரைமிச்சத்தை அதிகம் தின்பது பேஸ், அதாவது அடி ஒலி. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அங்கே ஏற்கெனவே பேஸ் கிட்டாரும் கிக் டிரமும் நிற்கின்றன. ஆம்ப்பின் பேஸை 3-க்கு இறக்கி மிட்டை (நடு ஒலியை) 6, 7-க்கு ஏற்றினால் அதே ஆம்ப் டிரம்ஸை மீறிக் கேட்கும். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து வைத்த ஒலி இனிக்கும், மேடையில் காணாமல் போகும். குறைந்த ஒலியில் நம் காது அடியையும் உச்சியையும் சரியாகக் கேட்பதில்லை. அதனால் செட்டிங்கை மேடை அளவிலேயே வைக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்

ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையையும் மறக்காதீர்கள். 230 வோல்ட் 200-க்கு இறங்கினால், மின்னழுத்தச் சீராக்கி இல்லாத வால்வு ஆம்ப்பின் திறன் கால் பங்கு போய்விடும். கரைமிச்சம் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். ஒத்திகையில் தெளிவாக இருந்த ஒலி மேடையில் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிப்பதிவில் வேறு கணக்கு. மைக்கின் வழியே ஆம்ப்பின் பருமன் தெரியாது. 5 வாட் ஆம்ப்பைக் கலங்கவிட்டுப் பிடித்தால் பெரிய ஆம்ப் போலவே ஒலிக்கும். மைக்கை ஸ்பீக்கர் துணியருகே, நடுக்குமிழின் விளிம்புக்கு நேராக வையுங்கள். ஓர் அங்குலம் நடுவுக்கு நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், வெளியே நகர்த்தினால் மங்கும். ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து அடுக்கும்போது கெய்னை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கலங்கலின் மேல் கலங்கல் ஏறினால் அடியின் முனையே தெரியாது.

கணினியில் பதியும்போது உச்ச எல்லையான 0 டெசிபலுக்கு மேல் கலங்கலே கிடையாது, நேரே உடைப்புதான். சராசரி −18, உச்சம் −10-ஐத் தாண்டாமல் பதிந்தால் போதும். கரைமிச்சம் இங்கும் அதே பொருளில் நிற்பதால் என் வாக்கு அதற்கே.

லாசுப்பேட்டை, புதுச்சேரி

சரி, ‘கறை’ தடையை விலக்கிக்கொள்கிறேன். கையேட்டில் எடுத்துக்காட்டாக இதைச் சேருங்கள்: “இந்த ஆம்ப்புக்குக் கரைமிச்சம் குறைவு, 4-இலேயே கலங்குகிறது.” ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலின் ஒலி வெட்டுப்பட்டதுதான், ஆனால் விரும்பி வெட்டியது. அதை ‘உடைப்பு’ என்று எழுத மனம் வரவில்லை. அதற்குத் தனிச்சொல் தேடுவோம்.