வாடகைக்கு விட ஃபிளாட் வாங்கலாமா? மேடவாக்கம், 62 லட்சம்

புதுசா_வந்தவன்: மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், 62 லட்சம். கையில் 17 இருக்கிறது, 45 லட்சம் கடன். 20 வருஷம், எட்டரை சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 39,000. வாடகை 18,000 வரும் என்கிறார் புரோக்கர். மீதியைச் சம்பளத்தில் சமாளித்துவிடுவேன். சரிதானே?

வட்டிக்கணக்கு: சரியில்லை. வருஷத்துக்கு 2.16 லட்சம் வாடகை என்றால் விலையில் மூன்றரை சதவீதம். மெயின்டனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், பெயின்ட் எல்லாம் போக இரண்டரை தேறினால் பெரிது. எட்டரைக்கு வாங்கி இரண்டரைக்கு விடுவதா? பத்திரச் செலவு வேறு: மறுவிற்பனை ஃபிளாட்டென்றால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். அது அந்த 62-இல் அடக்கமா?

புதுசா_வந்தவன்: இல்லை சார். அதை மறந்தே போனேன்.

மாம்பலத்தான்: வட்டிக்கணக்கு சார் வாடகையோடு நின்றுவிட்டார். 2004-இல் மேற்கு மாம்பலத்தில் பழைய ஃபிளாட் ஒன்று வாங்கினேன். 750 சதுர அடி, யூடிஎஸ் (மனையில் என் பங்கான பிரிக்கப்படாத நிலம்) மட்டும் 480. இன்று சுவரில் காரை உதிர்கிறது, லிஃப்ட் கிடையாது. ஆனாலும் இடித்துக் கட்டித் தருகிறேன் என்று பில்டர்கள் வாசலில் நிற்கிறார்கள். எல்லாம் அந்த 480 அடி மண்ணுக்காகத்தான். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் கெட்டது. 2022-இல் வந்த அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும். தம்பி, உங்கள் ஃபிளாட்டில் யூடிஎஸ் எவ்வளவு?

வட்டிக்கணக்கு: 2004 விலையை வைத்து இன்றைக்கு வாங்குபவருக்கு யோசனை சொல்லாதீர்கள். இத்தனை வருஷம் கட்டிய வட்டியைக் கழித்தீர்களா?

மாம்பலத்தான்: கழிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழாம் வருஷத்தில் வாடகையே இஎம்ஐயைத் தாண்டிவிட்டது. தவணை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், வாடகை ஏறும். அப்புறம், போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டினேன். தம்பி கடனில் முதல் வருஷம் கட்டும் 4.68 லட்சத்தில் 3.8 லட்சம் வட்டிக்கே போகும், அசலில் கழிவது 90 ஆயிரம்தான். வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் கடன் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டிக் கடனென்றால் அதற்கு அபராதமும் இல்லை.

வட்டிக்கணக்கு: முன்கூட்டிக் கட்டுவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வரிச் சலுகையை நம்பி இறங்க வேண்டாம். பழைய வருமான வரி முறையில் வீட்டு நஷ்டத்தை, அதாவது வாடகையை மிஞ்சும் வட்டியை, சம்பளத்தில் 2 லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் அது கிடையாது. வட்டி வாடகையை விழுங்குவதோடு சரி. 'டாக்ஸ் மிச்சம்' என்று புரோக்கர் சொன்னால் எந்த முறையில் என்று கேளுங்கள்.

மாடிவீட்டு_வாடகை: குடியிருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று. என் வீட்டு ஓனர் பத்து மாத அட்வான்ஸ் வாங்கினார். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தப் பணத்தையும் முதலீட்டுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், திருப்பித் தர வேண்டிய காசு. இன்னொன்று: குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்தால் எடுங்கள். நான்கு மாதம் எடுக்காத முந்தைய ஓனரின் வீட்டை நாங்கள் காலி செய்தோம். அப்புறம் இரண்டு மாதம் டு-லெட் போர்டு தொங்கியது.

வட்டிக்கணக்கு: அந்த இரண்டு மாதத்தில் ஒரு வருஷ வாடகை உயர்வு மொத்தமும் போயிருக்கும். இதை நான் கணக்கில் குறைத்துப் போட்டுவிட்டேன்.

புதுசா_வந்தவன்: புரோக்கரிடம் யூடிஎஸ் கேட்டேன். 'அதெல்லாம் பத்திரத்தில் வரும் சார், முதலில் டோக்கன் போடுங்கள்' என்கிறார்.

மாம்பலத்தான்: போடாதீர்கள்.

வட்டிக்கணக்கு: இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.