பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இலக்கணமும் கட்டுரையும் சொல்லிக்குடுத்த அனுபவம்

பிள்ளைகளுக்கு தமிழ் இலக்கணம் சொல்லிக்குடுக்க படுற பாட்ட நிறைய பேரு எழுதிருந்தீங்க, என்னோடதையும் சொல்லிடுறேன். எனக்கு மதுரை ஒத்தக்கடை பக்கம். அக்கா மக பத்தாவது, காலாண்டுல தமிழ்ல நூத்துக்கு 41. மத்ததுல எல்லாம் எழுபதுக்கு மேல வாங்குற பிள்ள. ராத்திரி எங்க வீட்டுக்கு அனுப்பு நான் பாக்குறேன்னு அக்காட்ட சொன்னேன்.

மொத நாளு வினைத்தொகைன்னா என்னன்னு கேட்டா "காலம் கரந்த பெயரெச்சம்"னு கடகடன்னு ஒப்பிக்குது, அப்டின்னா என்னத்தான்னு கேட்டா முழிக்குது. சரின்னு தட்டுல இருந்த ஊறுகாய காட்டி, இது நேத்து ஊறுன காயா, இப்ப ஊறுற காயா, இனிமே ஊறப்போற காயான்னு கேட்டேன். "மூணுந்தான் சித்தி"ன்னுச்சு. அந்த மூணு காலமும் வெளிய தெரியாம உள்ள ஒளிஞ்சிருக்குல்ல, அதத்தான் கரந்தன்னு சொல்றாங்க. பெறகு சுடுதண்ணி, குடிதண்ணின்னு அதுவே அடுக்க ஆரம்பிச்சிருச்சு.

அலகிடுறது, அதான் பாட்ட அசை, சீர்னு பிரிச்சு ஒவ்வொரு சீருக்கும் வாய்பாடு சொல்றது, அதுக்கு தான் ரொம்ப பயம். எங்க வீட்டுல சாயங்காலம் மல்லிகப்பூ கட்டுவோம், அங்கயே உக்கார வச்சு சொன்னேன். பூ மாதிரி தான் எழுத்து, ஒண்ணு தனியாவோ ரெண்டு மூணு சேந்தோ வந்தா அசை, அசை சேந்தா சீர், சீர் சேந்து ஒரு அடி, கடைசில தொடைன்னு வருது பாரு, தொடுக்குறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது தான் அது, நீ கைல செய்றது தான்னேன். அகர முதலங்கிற குறள எடுத்து அக (ரெண்டு குறில்) நிரை, ர (ஒரு குறில்) நேர், நிரை நேர் சேந்தா வாய்பாடு புளிமான்னு மெதுவா பிரிச்சோம். கடைசி சீர் உலகு, அதுக்கு வாய்பாடு பிறப்பு. எதுகை எங்க இருக்குன்னு கேட்டேன், அகர பகவன் ரெண்டுலயும் ரெண்டாவது எழுத்து க தான சித்தின்னு பூவ கீழ போட்டுட்டு சொல்லுச்சு.

வல்லினம் மிகுறதுக்கு, "வேலை கொடு"ன்னா உத்தியோகம் கேக்குற, "வேலைக் கொடு"ன்னா திருப்பரங்குன்றத்து முருகன்கிட்ட வேல கேக்குற, ஒரு க் தான் வித்தியாசம்னு சொன்னேன். ஐ, கு வேற்றுமை உருபுக்கு பின்னாடி க ச த ப வந்தா அதோட ஒத்து (க் ச் த் ப்) போடணும், இது ஒண்ணு நின்னாலே பாதி சந்திப்பிழை போயிரும்.

அணி இலக்கணத்துல தற்குறிப்பேற்றம் நடத்துன அன்னைக்கு நடந்தத மறக்கவே முடியாது. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வர்றப்ப கோட்டை மேல கொடி காத்துல ஆடுது, அது இயல்பா ஆடுறது தான், இளங்கோவடிகள் அத "வராதீங்க"ன்னு கை காட்டுற மாதிரின்னு தன் குறிப்ப ஏத்தி சொல்றாரு. கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நம்ம ஊருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு போல சித்தி"ன்னுச்சு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அந்த அணிக்கு அது இனி வரையறை படிக்க வேண்டியதில்ல.

கட்டுரை தான் கடைசில. அரசுப் பொருட்காட்சி பத்தி எழுத சொன்னா சென்னை தீவுத்திடலுக்கு போனதா எழுதிருக்கு, அது சென்னையவே பாத்ததில்ல! ஏதோ ஒரு கைடுல இருந்தத அப்படியே மனப்பாடம் பண்ணிருக்கு, நடுவுல ஒரு வரி மறந்ததும் மொத்தமும் போச்சு. தமுக்கத்துல சித்திரைப் பொருட்காட்சிக்கு நாம போனோம்ல அத சொல்லுன்னேன். ராட்டினத்துல அதோட தம்பி அழுதது, டெல்லி அப்பளம், போலீஸ் அரங்குல வரிசைல நின்னதுன்னு அர மணி நேரம் பேசுச்சு. பேசுனத எழுத்து நடைக்கு மாத்தி, முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரைன்னு பிரிச்சு வைக்க மட்டும் தான் நான் சொல்லிக்குடுத்தேன்.

அரையாண்டுல அதே தலைப்பு வந்திருக்கு, எட்டுக்கு ஏழு. பேப்பர் குடுத்த அன்னைக்கு யூனிபார்மோட நேரா எங்க வீட்டுக்கு வந்து தாள விரிச்சு, "அப்பளத்தை பிய்த்து"ன்னு எழுதுன எடத்துல வெரல வச்சு, "ஐக்கு பின்னாடி ப் விட்டுட்டேன் சித்தி"ன்னுச்சு.