கைவிட்ட இறால் குளங்களில் அலையாத்தி: படத்தில் இடம் தேடுவது எப்படி?

கேள்வி: பினாங்கின் நிபோங் திபால் கடலோரத்தில், கைவிட்ட இறால் குளங்களில் அலையாத்தி மீட்புக்கு இடம் தேடுகிறோம். செண்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) போட்டால் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) அலையாத்தியும் ஒரே பச்சையாக வருகின்றன. எப்படிப் பிரிப்பது?

பதில் 1: என்டிவிஐ மட்டும் போதாதுங்க. குறுஅலை அகச்சிவப்பு, அதாவது செண்டினல்-2 பதிவு செய்யும் ஒளிப்பட்டைகளில் பட்டை 11, அதையும் சேருங்கள். அலையாத்தியின் அடியில் ஈரச்சேறு இருப்பதால் அது இருண்டு தெரியும். செம்பனை சற்று வெளுத்திருக்கும். பட்டை 11-இல் ஒரு படப்புள்ளியின் அளவு 20 மீட்டர், என்டிவிஐ-க்குப் பயன்படும் பட்டை 8-இல் 10 மீட்டர். ஒரே அளவுக்கு மாற்றிய பிறகே கணக்கிடுங்கள். பினாங்கு வானத்தில் மேகம் ஓயாது, ஆகவே ஓராண்டுப் படங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. ஆனால் முதலில் ஓத (கடல் ஏற்றவற்ற) அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறிய நேரத்துப் படங்களைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் இளங்கன்றுகள் வெறும் தண்ணீராகப் பதிவாகும். நேர்க்கோட்டு வரப்பு தெரிந்தாலே கைவிட்ட குளம் என்று முடிவு கட்டாதீர்கள். இன்னும் தெளிவான, நுணுக்கமான படத்தில் காற்றூட்டும் சக்கரங்களின் வெள்ளை நுரைப்புள்ளிகள் தெரிந்தால் அங்கே இன்னும் இறால் வளர்க்கிறார்கள்.

பதில் 3: கார்பன் வரவு (கரியைச் சேமித்ததற்கு விற்கத்தக்க சான்று) நோக்கமென்றால் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படங்களில் குறைந்தது 10 ஆண்டு நில வரலாற்றைப் பாருங்கள். அண்மையில் காட்டை அழித்த நிலம் தகுதி பெறாது. நடும் முன் வரப்பை வெட்டி ஓதநீரை உள்ளே விடுங்கள். நீரோட்டம் சரியானால் விதைகள் தாமாகவே வந்து ஊன்றும். எந்நேரமும் நீர் நிற்கும் தாழ்ந்த சேற்றில் நட்டால் கன்று வேர் மூச்சின்றி அழுகிவிடும்.