80 ஏக்கர் மக்காச்சோளக் காட்டில் மான் பரண்: எங்கே கட்டுவது, எப்படிப் போவது?

செம்மண்
மத்திய இல்லினாய்ஸ். தெற்கு வடக்கா அரை மைல், அகலம் கால் மைல். வில் வேட்டைக்கு மட்டும் நிலக்காரர் எழுத்துல அனுமதி கொடுத்திருக்கார். தெற்கு ஓரம் ரோடு. வடக்குக் கோடியில 15 ஏக்கர் ஓக் காடு, மான் படுக்கிறது அதுக்குள்ளதான். மேற்கு எல்லையில ஓடை, காட்டுலேர்ந்து இறங்கி ரோட்டுப் பாலத்துக்கு அடியில போகுது. இந்த வருஷம் மேற்குப் பாதி சோயா, கிழக்குப் பாதி மக்காச்சோளம். ஏணிப் பரண் ரெண்டு இருக்கு. ஒண்ணைக் காட்டோட தென் விளிம்புல, சோயாவும் சோளமும் சேர்ற இடத்துல கட்டி, சோயா நடுவே நடந்து போகலாம்னு நினைப்பு. சரியா வருமா?

காத்துவாட்டம்
மரம் சரி, வழி தப்பு. சாயங்காலம் மான் மேயப்போறதே அந்த சோயாவுலதான். நீங்க நடந்த தடத்துல உங்க வாடை இருக்கும், மான் அதை மோந்துட்டு ஒதுங்கிடும்.

வடமேற்குக் காத்துல அங்க உட்கார்ந்தா வாடை சோளத்து மேல தென்கிழக்கா போயிடும், மான் உங்களுக்கு மேற்கே நிக்கும். குளிர் இறங்கி, காத்து வடமேற்குக்குத் திரும்புற நாள் அந்தப் பரணுக்குன்னே வந்த நாள். தெற்குக் காத்துன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, வாடை நேரா படுக்கைக்குப் போகும்.

போறதுக்கு சோளத்துக்குள்ள, சோயா ஓரத்துலேர்ந்து மூணாவது நாலாவது வரிசை. ரொம்ப உள்ளே வேண்டாம், நிக்கிற சோளத்துலயும் மான் படுக்கும். காய்ஞ்ச தாள் சலசலக்கும், அதனால காத்து அடிக்கிறப்போ நகருங்க, நின்னா நில்லுங்க. சோளம் அறுத்ததும் இந்த மறைவு போச்சு. அப்போ பரணை வடகிழக்கு மூலைக்கு மாத்தி, கிழக்கு வேலி ஓரப் புல்லு வழியா போங்க. சிந்தின சோளத்துக்கு மான் தானா வரும். நீங்களா கொட்டி வைக்கிறது இல்லினாய்ஸ்ல சட்டவிரோதம்.

ஒரு எச்சரிக்கை: காட்டைத் தாண்டி வர்ற காத்து விளிம்புல சுழலும், போன்ல பாக்குற திசை அங்க செல்லாது. வரப்போரத்துல மில்க்வீட் காய் வெடிச்சு நிக்கும், நம்ம எருக்குக்குச் சொந்தம்தான். அந்தப் பஞ்சுல ஒண்ணைப் பரண் உயரத்துலேர்ந்து விட்டுட்டு, கண்ணுக்கு மறையிற வரை பாருங்க. சுத்திட்டுக் காட்டுக்குள்ளயே திரும்பினா வேற மரம்.

ஓடைக்கரை
ரெண்டாவது பரண் ஓடையை மான் கடக்குற இடத்துல, காலைக்கு. விடியறதுக்கு முன்னாடி மான் வயல்ல இருக்கும், அதனால வயலை மிதிக்கவே கூடாது. பாலத்துலேர்ந்து ரப்பர் பூட்ஸ் போட்டு தண்ணியிலயே மேலேறுங்க. தடத்துல வாடை தங்காது, கரை ஆளை மறைக்கும். காத்து அசையாத விடியல்ல குளிர்காத்து தண்ணி போற போக்குலயே கீழ இறங்கும், உங்க வாடையும் ரோட்டுப் பக்கம் போயிடும். வெயில் ஏறினா அது மேல கிளம்பும். வடக்கு, வடகிழக்கு, கிழக்குக் காத்துக்கு மட்டும் இந்த இடம். வடமேற்குன்னா வாடை வயலுக்குள்ள போகும்.

சாயங்காலம் முதல் பரண்லேர்ந்து இறங்குறதுதான் பலரும் கோட்டை விடுற இடம். இருட்டுனப்புறம் சோயாவுல பத்து மான் நிக்கிறப்போ ஏணியில இறங்கினா, அந்த மரத்தை அதுங்க மறக்காது. நிலக்காரரை பிக்கப்பிலேயே பரண் வரைக்கும் வரச் சொல்லுங்க. வண்டிக்கு ஒதுங்குற மான் அதைப் பரணோட சேர்த்துப் பாக்காது.

நாலாம்படி
கட்டுற வேலையை ஆகஸ்டுக்குள்ள முடிங்க. ஏணிப் பரணை நிமிர்த்த மூணு பேர் வேணும். பரணை மரத்தோட இறுக்கிக் கட்டுற ரேட்செட் பட்டை போன வருஷத்துதுன்னா நம்பாதீங்க: வெயில்ல நைந்திருக்கும், மரம் பருத்து இறுக்கியிருக்கும். மேலேர்ந்து அடி வரைக்கும் உயிர்க்கயிறு கட்டி, அதுல புரூசிக் முடிச்சு (கையால நகர்த்தலாம், எடை விழுந்தா இறுகிக்கும்) போட்டு, உடம்புல கட்டுற பாதுகாப்பு ஹார்னஸை அதுல மாட்டிட்டு, தரையில கால் வைக்கிற வரை கழட்டாதீங்க. ஆள் விழுறது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வில்லைக் கையில எடுத்துட்டு ஏறாம, தனிக் கயித்துல தூக்குங்க.

செம்மண்
ஓடையோட மேற்குக் கரை பக்கத்து நிலத்துக்காரருது. மரத்துல ஊதா பெயிண்ட் கோடு இருக்கு. அது பரவாயில்லையா?

ஓடைக்கரை
ஊதாக் கோடுன்னா உள்ளே வரக்கூடாதுன்னு அர்த்தம், போர்டுக்குச் சமம். எல்லை ஓடை நடுவுலயா, கரையிலயான்னு முதல்ல கேட்டுக்கோங்க. அடிபட்ட மான் அந்தப் பக்கம் போய் விழுந்தாலும் அவர் அனுமதி இல்லாம எடுக்க முடியாது. சீசன் தொடங்குற அக்டோபர் 1-க்கு முன்னாடியே அவர் நம்பரை வாங்கி வைங்க.