லாரி கேபின் டிவி: மேட்டுப்பாளையத்தில் வருகிறது, கேத்தி ஏறினால் சிக்னல் இல்லை

கேரட்லோடு | செவ்வாய், இரவு 8.40
வணக்கம் அண்ணா. கொஞ்சம் அவசரம். வண்டியில் டிவி வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டியில் நின்றால் கண்ணாடி மாதிரி வருகிறது. மலையேறி ஊட்டிப் பக்கம் கேத்தி பாலாடா வந்து நின்றால் ‘சிக்னல் இல்லை’தான். இதோடு மூன்றாவது தடவை. பாக்ஸ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னல் பிடிக்கிற தலை), ஒயர் எல்லாமே புதுசு. கேரட் கழுவி மூட்டை ஏறக் காலை ஆகிவிடும், அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். போனில் சார்ஜ் 20தான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

பதினாலு_வளைவு | 8.47
எந்த டிடிஎச்? டிஷ் எங்கே மாட்டியிருக்கிறது? கரண்ட் எதிலிருந்து? இந்த மூன்றும் தெரியாமல் என்ன சொல்ல?

மேகமூட்டம் | 8.52
மலை மறைக்கிறது தம்பி, வேறொன்றும் இல்லை. கேத்தி பள்ளத்தாக்கு, சுற்றிலும் மலை. எங்கள் அருவங்காட்டு வீட்டிலேயே மேகம் இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். லவ்டேல் பக்கம் ஏறி நிறுத்திப் பார்.

பதினாலு_வளைவு | 8.55
லோடுக்கு வரிசையில் நிற்கிற வண்டியை லவ்டேலுக்கு ஓட்டிப் போய் டிவி பார்க்கச் சொல்கிறீர்கள். சரி.

ஒயர்மேன்_குன்னூர் | 9.01
இது வோல்டேஜ் கேஸ். எல்என்பிக்கு பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். 13 போனால் ஒரு பாதிச் சேனல், 18 போனால் மறுபாதி. ஒயர் மெலிசாக இருந்தால் 18 போய்ச் சேராது. பாதிச் சேனல் வருகிறதா, மொத்தமும் போகிறதா?

கேரட்லோடு | 9.06
மொத்தமும் போகிறது. லேலண்டு வண்டி. ஃப்ரீ டிஷ், மாதப்பணம் இல்லாத தூர்தர்ஷன் கனெக்ஷன். டிஷ் மேலேதான் இருக்கிறது.

டிஷ்_வாத்தியார் | 9.15
வாரத்துக்கு ஒருத்தர் இப்படி ‘மேலே இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நானும் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டேன். மேலே என்றால் எதற்கு மேலே? கேபின் கூரையா, தார்ப்பாயா, பக்கத்துத் தேயிலைத் தோட்டமா? திசை எப்படிப் பிடித்தீர்கள்? மேட்டுப்பாளையத்திலும் அதே இடத்தில்தான் டிஷ் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.

கேரட்லோடு | 9.24
கேபின் கூரை. அடியில் காந்தம் வைத்த ஸ்டாண்டு. போன் காம்பஸைக் கூரையிலேயே வைத்துத் திசை பார்த்தேன். மண்டியில் கீழே வைப்பேன், அங்கே சிமென்ட் தரை. இங்கே கீழே சேறு, அதனால் மேலே. கடைக்காரர் எழுதிக் கொடுத்த கோண நம்பரைத்தான் இரண்டு இடத்திலும் வைக்கிறேன்.

டிஷ்_வாத்தியார் | 9.41
இதை முதலிலேயே எழுதியிருந்தால் 9 மணிக்கே படம் பார்த்திருக்கலாம்.

முதலில் மலைக் கதையை முடித்துவிடுவோம். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட் 15 சாட்டிலைட்டிலிருந்து, 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. கேத்தியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து சுமார் 123 பாகையில், அடிவானத்துக்கு மேலே 66 பாகை உயரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல். அந்த உயரத்தில் மறைக்க வேண்டுமானால் மலை சுவர் மாதிரி பக்கத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். மரம் மறைக்கும், அது வேறு. டிஷ்ஷைவிட 10 மீட்டர் ஓங்கிய கற்பூர மரம் அந்தத் திசையில் இருந்தால் நாலரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் கேத்திக்கும் கோணம் அரை பாகைகூட மாறாது. 36,000 கி.மீ. மேலே இருக்கிற சாட்டிலைட்டுக்கு நீங்கள் ஏறி வந்த 2 கி.மீ. ஒரு பொருட்டே இல்லை.

மேகமும் காரணம் இல்லை. அடித்து ஊற்றுகிற மழை சிக்னலைக் குடிக்கும், வெறும் மூட்டம் அவ்வளவு குடிக்காது.

உங்கள் தப்பு இரண்டு. ஒன்று, தகர டப்பா மேல் காம்பஸ். அதுவும் பக்கத்தில் காந்தம். அது வடக்கைக் காட்டாது, உங்கள் ஸ்டாண்டைக் காட்டும். வண்டியை விட்டு இருபது அடி தள்ளிப் போய்ப் பாருங்கள்.

இரண்டு, அதுதான் பெரிய தப்பு. வண்டி சரிவில் நிற்கிறது. நிற்கிறதா இல்லையா? 12-க்கு 1 சரிவு என்றால் 5 பாகை. மலை ரயில் பல்சக்கரம் போட்டு ஏறுகிற சரிவும் ஏறத்தாழ அதுதான், லாரிக்கு அது சாதாரணம். உங்களுடையது 60 செ.மீ. டிஷ்ஷாக இருந்தால் ஒன்றரை பாகை விலகினாலே பாதி சிக்னல் போய்விடும். ஸ்டாண்டில் 66 என்று வைத்திருப்பீர்கள், வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் அது 61 ஆகும் இல்லை 71 ஆகும். நம்பர் சரி, வண்டிதான் சாய்ந்திருக்கிறது.

ஒயர்மேன்_குன்னூர் | 9.48
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். லேலண்டு 24 வோல்ட் வண்டி. பாக்ஸும் டிவியும் 12. நடுவில் என்ன?

கேரட்லோடு | 9.52
இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து நேராக எடுத்திருக்கிறேன். சார்ஜ் 9, ஆஃப் செய்கிறேன்.

ஒயர்மேன்_குன்னூர் | 9.53
ஐயோ.

பதினாலு_வளைவு | 10.02
பாதிப் பேர் அப்படித்தான் எடுக்கிறோம். நான் ஆறு வருஷமாக ஒரு பேட்டரியில்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. டிவியும் பாக்ஸும் சேர்ந்து மூன்று ஆம்பியர் இழுக்குமா?

ஒயர்மேன்_குன்னூர் | 10.10
மூன்று ஆம்பியர் ஐந்து மணி நேரம் என்றால் 15 ஆம்பியர்-ஹவர். ஒரு ராத்திரிக்குப் பரவாயில்லை, தினமும் என்றால்? ஆல்டர்னேட்டர் இரண்டையும் வரிசையாகச் சேர்த்து 28 வோல்ட்டில் சார்ஜ் ஏற்றுகிறது. அதற்கு எது பசித்தது எது நிறைந்தது என்று தெரியாது. நீங்கள் எடுத்த பேட்டரி அரைவயிற்றிலேயே கிடக்கும், மற்றது நிறைந்த பிறகும் வாங்கி வாங்கித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டுமே போகும். 24-க்கு 12 கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் முடிந்தது. உங்கள் ஆறு வருஷத்தில் எத்தனை பேட்டரி மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பதினாலு_வளைவு | 10.14
மூன்று. ஆனால் அது குளிரால்.

ஒயர்மேன்_குன்னூர் | 10.15
குளிராம்.

பூம்பாறை_பூண்டு | 10.30
டிவி எதற்கு? நாங்கள் பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கொடைக்கானல் எஃப்எம் 100.5, அது போதும். பழனி தாண்டியும் கூடவே வரும். அந்தக் காலத்தில் டிஷ்ஷும் இல்லை, கிஷ்ஷும் இல்லை. மூங்கிலில் ஆன்டெனா கட்டி இலங்கை டிவி ரூபவாகினி பார்த்தோம். மலைமேல் இருந்தால் தானாக வரும்.

மேகமூட்டம் | 10.36
கொடை எஃப்எம் குன்னூரிலேயே கேட்டிருக்கிறேன்.

டிஷ்_வாத்தியார் | 10.38
கேட்டிருக்க மாட்டீர்கள். அப்புறம், ஆன்டெனாவில் பிடிக்க இப்போது என்ன இருக்கிறது? தூர்தர்ஷன் கோபுரத்து அனலாக் ஒளிபரப்பு ஏறத்தாழ எல்லாம் மூடியாயிற்று. பொதிகை பெயரும் 2024-இல் டிடி தமிழ் ஆகிவிட்டது. மூங்கிலை வைத்துக்கொண்டு எதைப் பிடிப்பீர்கள்?

மேகமூட்டம் | 10.41
நான் கேட்டேனா இல்லையா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? சிம்ஸ் பூங்கா மேட்டில், மழை விட்ட ஒரு சாயங்காலம். பாட்டுகூட ஞாபகம் இருக்கிறது.

பூம்பாறை_பூண்டு | 10.44
அவர் கேட்டிருப்பார் சார். ரூபவாகினி கடல் தாண்டி வந்ததே.

விடியற்காலை | 10.58
எல்லாரும் டிஷ் திருப்புவதையே பேசுகிறீர்கள். விடிந்ததும் அந்தத் தம்பி மூட்டையோடு பர்லியார் வளைவெல்லாம் இறங்க வேண்டும். தூங்கச் சொல்லுங்கள். டிவி பார்த்துவிட்டு ஸ்டீயரிங் பிடிக்கிற டிரைவருக்கு எதிரே வர எனக்குப் பயம்.

லாரிக்காரர்_வீடு | 11.20
ஓட்டும்போது பார்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே அண்ணா. என் வீட்டுக்காரர் மாதத்தில் இருபது நாள் வெளியே. லோடு எப்போது ஏறும் என்று தெரியாமல் நிற்கிற இடத்தில் உடனே தூக்கம் வராது, சுற்றிலும் கத்திக்கொண்டு இருப்பார்கள். நாங்கள் பணம் கட்டுகிற கனெக்ஷன்தான். ராத்திரி சீரியலை அவர் அங்கே பார்ப்பார், நான் இங்கே பார்ப்பேன். முடிந்ததும் போன் போட்டு அந்த மாமியாரைத் திட்டுவோம். இல்லாவிட்டால் ‘சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்’ இரண்டு வார்த்தையோடு போன் வைத்துவிடுவார். படம் வராத ராத்திரியில் கதையை நான்தான் சொல்ல வேண்டும், அவருக்கு நான் சொல்வது பிடிக்காது, பாதியை விட்டுவிடுகிறேனாம்.

அவர் செய்வது இதுதான்: டிஷ்ஷை வண்டியில் மாட்டவே மாட்டார். தனிக் கம்பி ஸ்டாண்டு, அடியில் ஒரு பலகை, சேற்றிலும் நிற்கும். கொத்தனார் ரசமட்டம் ஒன்று கேபினிலேயே கிடக்கும். கம்பியை நேராக நிறுத்திய பிறகுதான் மற்றது.

விடியற்காலை | 11.26
சரிம்மா. நான் சொன்னது ஓட்டும்போது.

டிஷ்_வாத்தியார் | 11.40
அக்கா சொன்ன ரசமட்டம்தான் விடை. இன்னும் இரண்டு விஷயம். ஊரில் தகரக்கூரை மேல் இருக்கிற டிஷ்ஷைப் பார்த்துத் திசை பிடிக்கலாம், காம்பஸே வேண்டாம். ஆனால் அது ஃப்ரீ டிஷ்தானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 83 பாகை சாட்டிலைட் பார்க்கிற டிஷ் இன்னும் தெற்கே, 151-இல் திரும்பியிருக்கும். 108.2-ஐப் பார்ப்பது கிழக்கே, 108-இல். அப்புறம், 66 என்பதற்காகத் தட்டை வானத்தைப் பார்க்க மல்லாத்த வேண்டாம். இது ஆஃப்செட் டிஷ், எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். கண்ணுக்குச் சுமார் 25 பாகை தாழ்ந்து பார்ப்பதுபோல்தான் தெரியும். ஸ்டாண்டு அளவுகோலை மட்டும் நம்புங்கள்.

பதினாலு_வளைவு | 11.52
தம்பி, இருட்டில் தேயிலைக்குள் ஒயர் இழுத்துக்கொண்டு போகாதே. காட்டெருமை நிற்கும். வண்டிக்கு ஒட்டியே வை.

மேகமூட்டம் | புதன், காலை 6.10
என்ன ஆயிற்று தம்பி? வந்ததா?

பூம்பாறை_பூண்டு | புதன், காலை 9.33
100.5-ஐக் குன்னூரில் யாராவது இன்றைக்கு வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேரட்லோடு | வெள்ளி, மதியம் 1.15
வந்துவிட்டது அண்ணா. கீழே பலகை போட்டு வைத்தேன். அக்காவுக்கு நன்றி. மண்டியில் நிற்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.

டிஷ்_வாத்தியார் | வெள்ளி, 1.22
திசை எதை வைத்துப் பிடித்தீர்கள்? சிக்னல் அளவு எவ்வளவு காட்டியது? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

ஒயர்மேன்_குன்னூர் | வெள்ளி, 1.40
பேட்டரி?

ஒயர்மேன்_குன்னூர் | ஞாயிறு, இரவு 8.05
தம்பி, அந்தப் பேட்டரி?