ஃபெர்மி காமா மூலம் ஒன்று: மாறுநிலை பல்சார்தானா? எக்ஸ்-கதிர் தரவில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தஞ்சாவூர், கும்பகோணம் மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி கண்ட, இன்னதென்று தெரியாத காமா கதிர் மூலம் ஒன்றை ஆராய்கிறோம். இது மாறுநிலை பல்சாரா, அதாவது ரேடியோ துடிப்பு நிலைக்கும், துணை விண்மீனின் வாயு வட்டாகச் சுற்றும் நிலைக்கும் இடையே மாறும் வேகச் சுழல் நியூட்ரான் விண்மீனா என்பதே கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வானமே திறக்காது. அதனால் முழுக்கப் பழைய தரவுதான்.

ஃபெர்மி தரும் 95% பிழை வட்டத்துக்குள் (மூலம் இருக்க 95% வாய்ப்புள்ள பகுதி) ஸ்விஃப்ட் விண்கலம் காட்டும் எக்ஸ்-கதிர் மூலம் ஒன்றே ஒன்று. அதே இடத்தில் கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் ஒரு நீல விண்மீன். இது போதாது, தொலைதூரக் குவேசாரும் (கருந்துளையால் ஒளிரும் விண்மீன்திரள் மையம்) இப்படியே தெரியும். ஏற்கெனவே அறிந்த மாறுநிலை பல்சாரான ஜெ1023+0038 வட்டு நிலையில் இருக்கும்போது எக்ஸ்-கதிர் உயர், தாழ் என்ற இரண்டு மட்டங்களுக்கிடையே சுமார் 10 வினாடியில் தாவுகிறது. அந்தத் தாவலைத்தான் தேடுகிறோம்.

சிக்கல் இதுதான். எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ்-கதிர் விண்கலத்தின் பிஎன் கருவியில் வினாடிக்கு 0.3 ஃபோட்டான்தான். 10 வினாடித் துண்டுக்கு 3 மட்டுமே. இரண்டு மட்டங்களும் பாய்சான் இரைச்சலில் (ஃபோட்டான் எண்ணிக்கையின் தற்செயல் ஏற்ற இறக்கம்) கலந்துவிடுகின்றன. 50 வினாடி எடுத்தால் 15 கிடைக்கும், ஆனால் குறுகிய தாழ்நிலைகள் கரைந்துபோகும். போதாக்குறைக்குப் புரோட்டான் வெடிப்புகள் (கருவியில் விழும் புரோட்டான்களால் பின்னணி திடீரென உயர்வது): 10–12 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் பின்னணி வினாடிக்கு 0.4 எண்ணிக்கையைத் தாண்டும் நேரங்களை நீக்கினால் பாதித் தரவு போய்விடுகிறது. நீக்காவிட்டால் பின்னணியே தாவல் போல நடிக்கிறது.

ஃபோட்டான் வருகை நேரங்களைத் துண்டாக்காமல் நேரடியாகப் பேயீசியன் பிளாக்ஸில் (வீதம் மாறும் நேரங்களைத் தானே கண்டுபிடிக்கும் முறை) கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பொய்த்தாவல் வாய்ப்பை எவ்வளவு வைத்தீர்கள்? காவலூர் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு விண்ணப்பித்தவர்களும் சொல்லுங்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு செம்பெயர்ச்சி (பெருந்தொலைவின் அடையாளம்) இல்லாமல், சுழலும் வட்டைக் காட்டும் இரட்டை முகடாக வந்தால் குவேசார் சந்தேகம் அன்றே தீரும்.